பால் செக்கின் அடிக்கட்டையும் கொட்டகைக் காலண்டரும்: விஸ்கான்சின் கிராமத்தில் கொரோனா நிவாரணம் வாங்கிய அனுபவம்

நூறு பவுண்டு பாலுக்கு 6 டாலர் 20 சென்ட். 2020 மே மாதக் கடைசியில் இந்த எண்ணை ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதி, எனக்கு வேண்டிய ஒரு பண்ணைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது கடன்தானே? எப்போது திருப்பிக் கட்டணும்?" என்று கேட்டார். கடன் இல்லை, அரசாங்கம் தருவது, திருப்பிக் கட்ட வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் எனக்கு வேண்டாம்" என்றார்.

நாங்கள் இருப்பது மத்திய விஸ்கான்சினில், மார்ஷ்ஃபீல்ட் பக்கம். கணவருக்கு மருத்துவமனையில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் மாடு வைத்திருப்பவர்கள். ஊரை விட்டு மேற்கே பத்து மைல் போனால் கொட்டகையும் தீவனம் சேமிக்கும் சைலோவும் மக்காச்சோளமும்தான். இந்த மாநிலத்து வண்டிகளின் நம்பர் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால்நாடு' என்று இருக்கும். 12 லட்சத்துக்கும் மேல் கறவை மாடுகள் உள்ள மாநிலம் இது. நான் பிறந்தது ஈரோட்டுப் பக்கம். அம்மா இரண்டு எருமை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். அதனால்தானோ என்னவோ, வரிக் கணக்கு எழுதப்போன இடத்தில் கொட்டகை வரைக்கும் போய் நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் இந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 9 பண்ணைகளுக்கு நிவாரண விண்ணப்பம் எழுத உதவினேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பகுதி மேலே சொன்ன பெரியவரின் கதை. அவருக்கு அப்போது 67 வயது. கறவையில் 60 மாடு. அவரும் மனைவியும்தான் எல்லா வேலையும், சாயங்காலம் மட்டும் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து உதவுவான்.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின் பாலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீஸாக மாறுகிறது. அந்த சீஸில் பெரும்பங்கு ஓட்டல், பீட்சா கடை, பள்ளிக்கூடச் சாப்பாடு என்று போகும். 2020 மார்ச்சில் இவை எல்லாம் ஒரே வாரத்தில் மூடின. மாட்டுக்கு அது தெரியாதே. காலையிலும் மாலையிலும் கறந்துதான் ஆக வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் பெரியவரைப் பால் வாங்கும் கூட்டுறவிலிருந்து போன்: இன்றைக்கு வண்டி வராது, பாலை வெளியே விட்டுவிடுங்கள். அன்று ஏதோ கையெழுத்து வாங்க நான் போயிருந்தேன். அவர் டேங்கின் அடியில் குனிந்து வால்வைத் திறந்தார். குழாய் வழியாகப் பால் சாணக்குழிக்குப் போனது. கறுத்த சாணத் தண்ணீர் மேலே வெள்ளையாக ஒரு திட்டு விரிந்துகொண்டே போனது. டேங்க் காலியாக இருபது நிமிஷம் போல ஆனது. அவர் அங்கே நிற்கவில்லை. உள்ளே போய்க் கன்றுகளுக்குத் தீவனம் வைத்தார். கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றது அவர் மனைவிதான்.

விலையும் விழுந்தது. சீஸுக்குப் போகும் பாலின் அரசு அறிவிப்பு விலை, நூறு பவுண்டுக்கு, ஏப்ரலில் 13 டாலர் 7 சென்ட், மே மாதம் 12 டாலர் 14 சென்ட். இந்த விலைக்கு அவருக்குத் தீவனச் செலவு போகக் கையில் நிற்பது அநேகமாக ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17 அன்று அமெரிக்க மத்திய அரசின் வேளாண் துறை ஒரு திட்டத்தை அறிவித்தது. 'கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்' என்று பெயர். இங்கே எல்லாரும் சுருக்கமாக சீஃபேப் என்றுதான் சொல்வார்கள். மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக, மீதி உணவுப்பொருள் வாங்கி ஏழைகளுக்குப் பெட்டி கட்டித் தர. மே 26-ல் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். பாலுக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாத உற்பத்தியை எடுத்து, நூறு பவுண்டுக்கு 4.71 டாலர். அதே அளவை 1.014-ஆல் பெருக்கி, அடுத்த மூன்று மாதத்துக்கான உத்தேச உற்பத்தியாக வைத்து, அதற்கு 1.47 டாலர். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 6.20.

பெரியவர் ஒரு நாளைக்கு மாட்டுக்கு 60 பவுண்டு சராசரியில் கறந்துகொண்டிருந்தார். 60 மாடு, 91 நாள். மொத்தம் 3,27,600 பவுண்டு, நூறு பவுண்டுக் கணக்கில் 3,276. அதற்கு 20,313 டாலர். இவ்வளவு பணத்தைத்தான் வேண்டாம் என்றார்.

அவர் வறட்டு கௌரவம் பார்க்கிறவர் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அந்தப் பண்ணை யாரிடமும் கை நீட்டியதில்லை. 'அடுத்தவர் கட்டிய வரிப்பணம்' என்பது அவருக்கு நிஜமாகவே உறுத்தியது. நான் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம் அவர் மனைவி எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். தீவன மில்லின் பாக்கி, இரண்டு மாதத்துக்கு 11,000 டாலரை ஒட்டி. "மில்காரரும் அடுத்தவர்தான். அவர் பணத்தில் நம் மாடு ரெண்டு மாசமாகத் தின்கிறது" என்றார். அதற்கு மேல் பெரியவர் பேசவில்லை. எழுந்து போய் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அந்த ஷூ பெட்டிதான் எங்கள் எல்லாருக்கும் பாடம். பால் பணமாக மாதம் இரண்டு முறை வரும் காசோலையின், அதாவது பால் செக்கின், அடிக்கட்டை ஒவ்வொன்றும் அதில் தேதிவாரியாக ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. எத்தனை பவுண்டு பால், கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஊர் சொசைட்டியில் அம்மாவுக்குத் தந்த பால் அட்டை நினைவுக்கு வந்தது. பச்சை மையில் லிட்டரும் கொழுப்பும் எழுதித் தருவார்கள். அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பார். தொலைந்தால் அந்த வாரப் பட்டுவாடா சிக்கலாகிவிடும் என்று பயம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆறு அடிக்கட்டையையும் எடுத்துக் கூட்டினேன். பத்து நிமிஷ வேலை. இன்னொரு பண்ணையில் இதே கணக்குக்கு நான்கு நாள் ஆனது. அடிக்கட்டைகளை அடுப்பு மூட்டப் போட்டுவிட்டார்கள். கூட்டுறவுக்குப் போன் போட்டு நகல் கேட்டு, அது வந்து சேர்ந்த பிறகுதான் படிவத்தைத் தொடவே முடிந்தது.

நட்டம் எவ்வளவு என்று அந்தத் திட்டம் யாரையும் கேட்கவில்லை. எவ்வளவு பால், எத்தனை தலை, எந்தத் தேதியில், எத்தனை ஏக்கர் என்றுதான் கேட்டது. ஏப்ரலில் அவர் சாணக்குழியில் விட்ட பாலுக்குத் தனியாக ஒரு கட்டம் படிவத்தில் கிடையாது. மார்ச் வரையிலான எண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், வேகமாகப் பணம் போய்ச் சேர வேறு வழி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் விளைவு என்னவென்றால், அதிக மாடு உள்ளவருக்கு அதிகப் பணம். ஒரு நபருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மூன்று பங்குதாரர் உழைக்கும் நிறுவனமாகப் பதிவு செய்த பண்ணைக்கு 7,50,000 வரை போகலாம். 60 மாட்டுக்காரர் அந்த வரம்பைக் கனவிலும் தொடப்போவதில்லை. சின்னப் பண்ணைக்கு ஒரே பலம், தன் எண்களில் ஒன்றைக்கூட விட்டுவிடாமல் எழுதுவது.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். பாலோடு, மாடுகளுக்கும் தனியாக நிவாரணம் உண்டு. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற மாட்டுக்கு ஒரு விகிதம். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை ஏதாவது ஒரு நாளில் கையில் இருந்த அதிகபட்சத் தலைக்கு 33 டாலர். நான் கொட்டகையில் இருந்த 28 கிடேரிகளையும் சேர்த்து எழுதிவிட்டேன். விண்ணப்பம் வாங்கும் வேளாண் துறையின் கவுன்டி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "அந்த 28-ம் பாலுக்கு வளர்ப்பவைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாலுக்காக வைத்திருக்கிற மாடும், பாலுக்காக வளர்க்கிற கிடேரியும் இந்தக் கணக்கில் வராது என்றார். விதிமுறையைத் திரும்பப் படித்தேன், அப்படித்தான் இருந்தது. 924 டாலர் கூடுதலாக, பெரியவரின் கையெழுத்தோடு போயிருக்கும். விண்ணப்பத்தில் சொல்வதெல்லாம் உண்மை என்று சான்றளித்துக் கையெழுத்துப் போடுவது பண்ணைக்காரர், நான் இல்லை. அன்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் திட்டம் என்ன பொருள் வைத்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு எண்ணும் எழுதுவதில்லை. 'மாடு' என்றால் நமக்கு எல்லாமே மாடு. படிவத்துக்கு அப்படி இல்லை.

கறிக்கு வளர்க்கும் காயடித்த காளைகள் மட்டும் கணக்கில் வந்தன. பிப்ரவரியில் 9 காளைகளைச் சந்தையில் விற்றிருந்தார். 600 பவுண்டுக்குக் கீழே எடை என்றால் தலைக்கு 102 டாலர், 600-ம் அதற்கு மேலும் என்றால் 139. சந்தைச் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் எடை இருந்தது. 5 கீழே, 4 மேலே. ஒன்று 596 பவுண்டு. நான்கு பவுண்டில் 37 டாலர் போயிற்றே என்று அவர் மனைவி வருத்தப்பட்டார். ஆனால் சீட்டில் இருப்பதுதான் எழுதப்பட வேண்டும்.

மீதி 14 காளை ஏப்ரல், மே மாதத்தில் கொட்டகையில் இருந்தன. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். பெரியவர் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பால் அறைக் கதவுக்குப் பக்கத்தில், தீவன மில் கொடுத்த காலண்டர் ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலில் மூன்று எண்: கறவை, கிடேரி, காளை. கன்று பிறந்த நாளில் ஒரு சுழி, செத்தால் ஒரு பெருக்கல் குறி. மே 2-ம் தேதிக் கட்டத்தில் 60, 28, 14. முப்பது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறாராம், எதற்கு என்று யோசித்ததில்லையாம். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தைச் சேர்ப்பது தனிக் கதை. கவுன்டி பண்ணைச் சேவை அலுவலகம் திறந்திருந்தது, ஆனால் உள்ளே யாரையும் விடவில்லை. எல்லாம் போன், மின்னஞ்சல், கணினியில் கையெழுத்து. விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தரும் எக்செல் கணக்குத்தாள் ஒன்றை வேளாண் துறை வெளியிட்டிருந்தது. நன்றாகவே வேலை செய்தது, கணினி இருந்தால். பெரியவரிடம் மின்னஞ்சலே இல்லை. இந்தப் பக்கத்துச் சாலைகளில் பாதி இடத்தில் இன்டர்நெட் வரும், போகும். நான் வீட்டில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அவர் டிரக்கின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கவரில் போட்டு ஒட்டி, அலுவலக வாசலில் வைத்திருந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தோம்.

விண்ணப்பம் மட்டும் போதாது. வருமானம் 9,00,000 டாலர் சராசரிக்கு உட்பட்டது என்ற சான்று, ஈரநிலத்தையும் அரிக்கும் நிலத்தையும் பாதுகாக்கிறேன் என்ற சான்று, வங்கிக் கணக்குப் படிவம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பயிர் ஏக்கர் அறிக்கை கொடுப்பவர், பால் லாபக் காப்பீட்டில் சேர்ந்தவர் என்றால் இவற்றில் பலவும் முன்பே இருக்கும். பெரியவருக்கு இருந்தன. அந்த அலுவலகத்தின் வாசலையே மிதிக்காதவர்களுக்கு எல்லாமே புதிதாக வேண்டியிருந்தது. எந்த நாட்டில் இருந்தாலும் நான் பண்ணைக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: உதவி தேவைப்படாத வருஷத்திலேயே அந்த அலுவலகத்தில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு இருக்கட்டும்.

பத்து நாளில் வங்கியில் பணம் வந்தது. பாலுக்கும் காளைகளுக்கும் சேர்த்துத்தான், ஆனால் முழுதும் இல்லை, 80 சதவீதம். நிதி எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று 20 சதவீதத்தை நிறுத்தி வைத்து, ஆகஸ்டில்தான் விட்டார்கள். 17,473 டாலர் வந்த அன்றே பெரியவர் மில்லுக்குப் போய்ப் பாக்கியைக் கட்டிவிட்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாநில அரசும் தனியாக 5 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. 2019-ல் பண்ணையின் மொத்த வரவு 35,000 டாலருக்கு மேல், 50 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் போதும். ஜூன் 15 முதல் 29 வரை இரண்டே வாரம். இது வேளாண் அலுவலகத்தில் இல்லை, மாநில வருவாய்த் துறையின் இணையதளத்தில். அதனாலேயே பலருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. ஒரு கதவில் நின்றுகொண்டு இன்னொரு கதவு திறந்ததைப் பார்க்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பெரியவருக்கு ஜூன் 27 இரவு பத்து மணிக்கு நான் போட்டேன்.

செப்டம்பரில் இரண்டாம் சுற்று வந்தது. செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரை விண்ணப்பம். இதற்குள் சீஸ் விலை தலைகீழாக ஏறியிருந்தது. அரசாங்கம் உணவுப் பெட்டிக்காகச் சீஸ் வாங்கியது அதற்கு ஒரு காரணம். மே மாதம் 12.14 ஆக இருந்த அறிவிப்பு விலை ஜூலையில் 24.54. செய்தியில் இதைக் கேட்டுவிட்டு, "விலைதான் ஏறிவிட்டதே, இனி நமக்கு எதற்குத் தருவார்கள்?" என்று சில பேர் விண்ணப்பிக்கவே வரவில்லை. ஆனால் செக்கில் அந்த உயர்வு முழுதாக வரவில்லை. அடிக்கட்டையில் ஒரு வரியில் கழித்தல் குறியோடு பெரிய பிடித்தம் இருந்தது. சீஸ் பால் விலை மட்டும் வேகமாக ஏறியதால், எல்லா வகைப் பாலையும் ஒன்றாகக் கணக்கிட்டு வரும் பங்கு எதிர்மறையாகப் போனது. அதெல்லாம் இரண்டாம் சுற்றுக்குப் பொருட்டே இல்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கறந்த பாலுக்கும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை உத்தேசப் பாலுக்கும், நூறு பவுண்டுக்கு 1.20 டாலர். பெரியவருக்கு 11,880. காளைகளுக்குத் தலைக்கு 55. செய்தியை நம்பி வீட்டில் உட்கார்ந்தவர்கள் இழந்தது இதைத்தான்.

இரண்டாம் சுற்றில் மக்காச்சோளத்துக்கும் குதிரைமசாலுக்கும் ஏக்கர் கணக்கில் உண்டு. ஜூலை 15-க்குள் கொடுத்த ஏக்கர் அறிக்கையை வைத்தே அலுவலகம் அதைப் போட்டது. 2021 வசந்தத்தில் ஒருநாள் பெரியவர் பதற்றமாகப் போன் செய்தார். கணக்கில் 2,700 டாலர் கூடுதலாக வந்திருக்கிறது, யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள், திருப்பி அனுப்ப என்ன செய்வது என்று. தப்பு இல்லை. மார்ச் 24-ல் அதிபர் பைடனின் புதிய நிர்வாகம் அறிவித்தபடி, இரண்டாம் சுற்றில் சேர்ந்த பயிர்களுக்கு ஏக்கருக்கு 20 டாலர் தானாக வந்தது. அவருடைய 135 ஏக்கருக்கு.

ஆட்டுப் பால் பண்ணை நடத்தும் ஒரு பெண்மணியின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜூனில் அவர் விசாரித்தபோது, முதல் சுற்றில் அவருக்கு இடம் இல்லை என்று பதில். உண்மைதான். இரண்டாம் சுற்றில் ஆட்டுப் பால் சேர்க்கப்பட்டது. 2019 விற்பனையில் முதல் 49,999 டாலர் வரைக்கும் 10.6 சதவீதம். அவர் விற்பனை 38,000. நான் டிசம்பர் முதல் வாரத்தில் வேறு வேலையாகப் பேசும்போதுதான் தற்செயலாகக் கேட்டேன். "ஏற்கெனவே கேட்டுட்டேன், இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஆறு மாதத்துக்கு முன் கேட்ட பதில். வரிப் படிவத்தில் விற்பனை எண் தயாராக இருந்தது. டிசம்பர் 9-ல் கொடுத்தோம். 4,028 டாலர் வந்தது. 'இல்லை' என்று பதில் வந்தால் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

இனி என் மனதில் அதிகம் உறுத்துகிற இடம். சம்பளப் பாதுகாப்புக் கடன் என்று ஒன்று இருந்தது, பிபிபி என்பார்கள். விதிப்படி செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தனி ஆளாகப் பண்ணை நடத்துபவருக்கு, 2019 வரிக் கணக்கின் நிகர லாபத்தை வைத்துத் தொகை. பெரியவருக்கு 2019-ல் நிகரம் 4,200 டாலர் நட்டம். நிஜமான நட்டம் இல்லை. அந்த வருஷம் வாங்கிய டிராக்டரின் தேய்மானம் முழுவதையும் ஒரே வருஷத்தில் எழுதிக்கொள்ளலாம், வரி மிச்சம் என்று சொன்னது நான்தான். சட்டப்படி சரி, அன்றைக்கு நல்ல யோசனையும்கூட. ஆனால் 2020 ஏப்ரலில் அதே தாளை வங்கியில் நீட்டியபோது, அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகை சுழியம். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலரை ஒட்டி வரவு உள்ள பண்ணை, படிவத்தில் ஒன்றுமில்லாததாக நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 டிசம்பர் 27-ல் கையெழுத்தான சட்டம் இதை மாற்றியது. பண்ணைக்காரர்களுக்கு நிகர லாபத்துக்குப் பதிலாக மொத்த வரவை, 1,00,000 டாலர் வரை, எடுத்துக்கொள்ளலாம் என்றது. தனி ஆளுக்கு அதிகபட்சம் 20,833 டாலர். பெரியவர் 2021 பிப்ரவரியில் அந்த முழுத் தொகையையும் வாங்கினார், பின்னால் கடன் தள்ளுபடியும் ஆனது. மே மாதத் தொடக்கத்தில் பெரும்பாலான வங்கிகளுக்கு நிதி தீர்ந்துவிட்டது. தாமதமாக விஷயம் தெரிந்து ஓடிய இரண்டு பேருக்கு என்னால் வாங்கித் தர முடியவில்லை. இப்போது யாராவது தேய்மானத்தை ஒரே வருஷத்தில் எழுதச் சொன்னால், நிகரம் எங்கே போய் நிற்கும் என்று முதலில் பார்க்கிறேன். கடன் தருபவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, மில்லுக்கு உடனே கட்டிய பணத்துக்கு வருகிறேன். சீஃபேப் பணம் வருமானம். வந்த வருஷத்திலேயே வரி உண்டு, சுயதொழில் வரியும் சேர்த்து. 2021 ஜனவரியில் அரசாங்கத்திடமிருந்து அந்தத் தொகைக்கான வரிச் சான்று தபாலில் வந்தது. பண்ணைக்காரர்கள் முன்வரி கட்டாமல் இருந்தால் மார்ச் 1-க்குள் கணக்கைத் தாக்கல் செய்து கட்டிவிட வேண்டும். பெரியவருக்கு வரி வந்தது. கையில் இல்லை. இரண்டு காளையை அவசரமாக விற்றுத்தான் கட்டினார். முதல் தொகை வந்த அன்றே கால் பங்கைத் தனிக் கணக்கில் போடச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பண்ணைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

வாங்காதவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஆமிஷ் என்ற, பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவ சமூகத்துக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் ஒருவர் பெரியவரின் பக்கத்து நிலத்துக்காரர், 20 மாடு. அவருக்காகவும் கணக்குப் போட்டு எடுத்துப்போனேன். பொறுமையாக முழுவதையும் கேட்டார். நன்றி சொன்னார். அரசாங்கப் பணம் வாங்குவது எங்கள் வழக்கம் இல்லை, சபை பார்த்துக்கொள்ளும் என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தக் குளிர்காலம் அவர் வீட்டு வைக்கோல் பரண் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். நாலைந்து வீட்டார் வந்து நிரப்பியிருந்தார்கள்.

2021 கோடையில் பெரியவருக்கு ஒரு கடிதம். அவருடைய முதல் சுற்று விண்ணப்பம் சரிபார்ப்புக்குத் தேர்வாகியிருக்கிறது, ஆதாரங்களைத் தரவும். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் தப்புச் செய்யாதவருக்கும் அப்படி ஒரு கடிதம் வயிற்றைக் கலக்கும். ஷூ பெட்டியிலிருந்து ஆறு அடிக்கட்டை, சந்தைச் சீட்டு, காலண்டரின் மே மாதப் பக்கம். காலண்டரைப் படமாக அனுப்பினால் போதும் என்றார்கள். அவர் ஆணியிலிருந்து அதையே கழற்றி, சாணி படிந்த ஓரத்தைத் துடைத்து, நேரில் கொண்டுபோய்க் காட்டினார். அலுவலகப் பெண் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாராம். "இந்தச் சுழி எல்லாம் கன்றா?" என்று கேட்டாராம். மூன்றாவது வாரம் 'ஆட்சேபணை இல்லை' என்று தாள் வந்தது.

2022 இலையுதிர் காலத்தில் அவர் மாடுகளை விற்றுவிட்டார். இடுப்பு வலி, பிள்ளைகள் ஊரில் இல்லை. மில்லுக்குப் பாக்கி இல்லை, வங்கிக்கு டிராக்டர் கடன் மட்டும். 2020-லேயே விற்றிருந்தால் கறவை மாட்டுக்கு எவ்வளவு குறைந்த விலை கிடைத்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். லாரி மூன்று நடை வந்துபோன அன்று சாயங்காலம் போன் செய்தார். அந்தப் பெட்டியை இன்னும் எத்தனை நாள் வைத்திருக்கணும் என்று கேட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று வருஷம் என்றேன். அப்புறம் நேரில் போய், பெட்டி மூடியின் மேல், எதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே, தடித்த மார்க்கரால் '2024 முடியும்வரை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் காலண்டரை நாலாக மடித்து உள்ளே வைத்து, கயிறு போட்டுக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்.